நின்றுகொண்டிருந்த காருக்கு 'மூவிங்' டிக்கெட்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சான் ஹோசேவுக்கு வந்து இரண்டு வருடம். அதற்குள் மூன்று டிக்கெட். போன வருடம் ரெட் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது போனைக் கையில் எடுத்துப் பார்த்ததற்கு ஒன்று, அபராதம் கட்டிவிட்டீர்கள். நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டிக்கர் காலாவதியானதற்கு இன்னொன்று. போன மாதம் ஸ்டாப் சைனில் முழுசாக நிறுத்தாமல் உருட்டிக்கொண்டு போனதற்கு மூன்றாவது. அதற்கு இன்னும் பணம் கட்டவில்லை. இப்போது வேறு கம்பெனியில் இன்ஷூரன்ஸ் விலை கேட்டால், 'கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை மூவிங் வயலேஷன்?' என்று ஒரு கட்டம் வருகிறது. 'நின்ற வண்டிக்கு வந்தது எப்படி மூவிங் ஆகும்? ஓடிக்கொண்டிருந்தபோது பிடித்துக் கொடுத்த ஸ்டிக்கர் டிக்கெட் எப்படி மூவிங் ஆகாமல் போகும்?' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எது உங்கள் பின்னாலேயே வரும், எது அபராதத்தோடு போய்விடும் என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்கிறேன்.

பே ஏரியாவில் 16 வருடமாக கார் இன்ஷூரன்ஸ் விற்பது என் தொழில். தினமும் நாலைந்து பேருடைய டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) ரெக்கார்டைப் பார்ப்பவன். வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். மற்ற மாநிலங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் வாடிக்கையாளர்கள் அங்கிருந்து கொண்டுவந்த டிக்கெட்டுகளைப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது. குடியேற்ற விஷயம் என் எல்லைக்கு வெளியே. அதை எங்கே நிறுத்துகிறேன் என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்தான். 'மூவிங்' என்றதும் சக்கரம் சுற்றியதா என்று பார்க்கத் தோன்றும். சட்டம் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டிய விதத்தைப் பார்க்கிறது. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 12810ஆம் பிரிவில்தான் பாயின்ட் கணக்கு, அதாவது குற்றத்துக்கு ஏற்ப உங்கள் ஓட்டுநர் ரெக்கார்டில் விழும் புள்ளிகளின் கணக்கு, இருக்கிறது. பெரிய குற்றங்களைத் தனித்தனியாகச் சொல்லி 2 பாயின்ட் என்கிறது. பிறகு, சாலையில் வாகனத்தைப் பாதுகாப்பாக இயக்குவது சம்பந்தப்பட்ட மற்ற எந்தத் தண்டனைக்கும் 1 பாயின்ட் என்று பொதுவாக ஒரு வரி. அந்த 'பாதுகாப்பாக இயக்குவது' என்பதுதான் அளவுகோல். ஸ்டிக்கர் பழசு என்பதால் நீங்கள் யார் மீதும் மோதப் போவதில்லை. ஸ்டாப் சைனில் நிற்காமல் போனால் மோதலாம். ஊரெல்லாம் 'மூவிங் வயலேஷன்' என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் விசித்திரங்கள் உண்டு. முதலில் உங்கள் போன் டிக்கெட். சிக்னலில் நிற்பது ஓட்டுவது ஆகாது என்று ஒருவர் வழக்காடி, 2011இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. சிவப்பு விளக்கில் கொஞ்ச நேரம் நிற்பதும் ஓட்டுவதில் ஒரு பகுதிதான் என்பது தீர்ப்பு. 'போனில் பேசவில்லை, மேப்தான் பார்த்தேன்' என்ற சமாதானமும் இப்போது எடுபடாது. கையில் பிடித்து மேப் பார்த்தாலும் குற்றம்தான் என்று 2025இல் இன்னொரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்திருக்கிறது. டேஷ்போர்டிலோ கண்ணாடியிலோ பொருத்தி, ஒரு தட்டு, ஒரு தேய்ப்பு என்றால் பரவாயில்லை. கையில் இருக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரானது ஒன்று. மாலை நெரிசலில் பச்சை விளக்கைப் பார்த்து சந்திப்புக்குள் நுழைகிறீர்கள், முன்னால் இடமில்லை, விளக்கு மாறி நடுச் சந்தியில் மாட்டிக்கொள்கிறீர்கள். நான்கு பக்கமும் ஹாரன். இதற்கும் டிக்கெட் உண்டு, 22526ஆம் பிரிவு. வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த்தானே மாட்டினீர்கள்? ஆனால் இது பாதுகாப்பான ஓட்டுதல் சம்பந்தப்பட்ட குற்றமல்ல, நிறுத்தல் குற்றம்தான் என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் பாயின்ட் கிடையாது. நின்றதற்கு மூவிங், நகர்ந்ததற்கு நிறுத்தல்! வண்டி அசைந்ததா இல்லையா என்று பார்த்து முடிவு செய்ய நினைத்தால் தப்பாகத்தான் போகும்.

சரி, எது எந்தப் பக்கம்? உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. வேக வரம்பை மீறுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஸ்டாப் சைன், பாதுகாப்பில்லாமல் லேன் மாறுவது, முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவது, நடப்பவருக்கு வழிவிடாதது எல்லாம் 1 பாயின்ட். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும்போது தாண்டுவதும் இதில் சேரும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான், ஏனென்றால் எதிர்த்திசையில் வரும் வண்டியும் நிற்க வேண்டும் என்பது நம் ஊர்க் கண்ணுக்குப் பழக்கமில்லை. நடுவில் தடுப்புள்ள சாலையிலும், ஒவ்வொரு திசையிலும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட லேன் உள்ள சாலையிலும் மட்டும்தான் எதிரே வருபவர் நிற்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கம், அதாவது பாயின்ட் இல்லாதவை: பார்க்கிங் டிக்கெட் அத்தனையும், ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி, முன் நம்பர் பிளேட் இல்லாதது (டெஸ்லா வைத்திருப்பவர்களுக்கு இது பரம்பரைச் சொத்து மாதிரி), கண்ணாடியில் கறுப்புப் படலம், சத்தம் போடும் சைலன்சர், லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தது, இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்ட முடியாதது. இவற்றில் பல 'ஃபிக்ஸ்-இட்' டிக்கெட். டிக்கெட்டில் 'சரிசெய்யத் தக்கது' என்ற கட்டத்தில் 'யெஸ்' போட்டிருப்பார்கள். குறையைச் சரிசெய்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, கோர்ட்டில் 25 டாலர் கட்டினால் வழக்கு தள்ளுபடி. உங்கள் ஸ்டிக்கர் டிக்கெட் இந்த வகை. ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பித்து, அந்த அத்தாட்சியோடு முடித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

சீட் பெல்ட்டில் ஒரு நுணுக்கம். பெரியவர் போடாவிட்டால் அபராதம் மட்டும், பாயின்ட் இல்லை. குழந்தையைக் கார் சீட்டில் முறையாகக் கட்டாவிட்டால் 1 பாயின்ட், அபராதமும் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்தால் மிரட்டும் தொகை. 'மடியில் வைத்துக்கொள்கிறேன், பக்கத்துத் தெருதானே' என்று ஊரிலிருந்து வந்த பாட்டி சொல்லும்போது தயவுசெய்து மறுத்துவிடுங்கள். டிக்கெட் பாட்டி பெயரில் வராது, வண்டி ஓட்டுபவர் அல்லது பெற்றோர் பெயரில்தான் வரும்.

2 பாயின்ட் பட்டியல் சின்னது, ஆனால் கடுமை. குடித்துவிட்டு ஓட்டுவது, கண்மூடித்தனமாக ஓட்டுவது, மணிக்கு 100 மைலுக்கு மேல் போவது, லைசென்ஸ் முடக்கப்பட்ட பிறகு ஓட்டுவது, விபத்துக்குப் பின் நிற்காமல் போவது. கடைசியாகச் சொன்னதை நெடுஞ்சாலையில் அடித்துவிட்டு ஓடும் ஆட்களுக்கானது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்திய மளிகைக் கடை வாசலில், காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து காரில் ஒரு கீறல். சுற்றிப் பார்க்கிறோம், ஆள் இல்லை, கிளம்பிவிடுகிறோம். அதுவும் இதே குற்றம்தான். பார்க்கிங் இடத்தில் நடந்தது என்பதற்காக அது பார்க்கிங் டிக்கெட் ஆகிவிடாது. பெயரும் முகவரியும் எழுதி வைப்பரில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் இன்ஷூரன்ஸோடு முடிந்திருக்கும் விஷயம், 2 பாயின்டாகவும் கிரிமினல் வழக்காகவும் மாறியதை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாயின்டுகள் எதற்கு? அபராதம் ஒருமுறை போய்விடும், பாயின்ட் தங்கும். 1 பாயின்ட் குற்றம் மூன்று வருடம் கணக்கில் இருக்கும். குடித்து ஓட்டியது ரெக்கார்டில் பத்து வருடம் இருக்கும். 12 மாதத்தில் 4, அல்லது 24 மாதத்தில் 6, அல்லது 36 மாதத்தில் 8 பாயின்ட் சேர்ந்தால் டிஎம்வி உங்களைக் கவனக்குறைவான ஓட்டுநர் என்று கருதி ஒரு வருடக் கண்காணிப்பில் வைக்கும். அதில் ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம். அதற்கு முன்பே, 12 மாதத்தில் 2 பாயின்ட் வந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விதி இன்னும் இறுக்கம்: 12 மாதத்தில் 2 பாயின்ட் என்றாலே 30 நாள் தனியாக ஓட்ட முடியாது.

என் தொழில் பக்கம் வருகிறேன். கலிஃபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவுப்படி, கார் இன்ஷூரன்ஸ் விலையைத் தீர்மானிப்பதில் முதல் இடம் ஓட்டுநரின் பாதுகாப்பு ரெக்கார்டுக்கு. ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுகிறீர்கள், எத்தனை வருட அனுபவம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று வருட அனுபவமும், கடந்த மூன்று வருடத்தில் ஒரு பாயின்டுக்கு மேல் இல்லாத ரெக்கார்டும் இருந்தால் 'நல்ல ஓட்டுநர்' என்று குறைந்தது 20 சதவீதம் தள்ளுபடி தரவேண்டும். ஒரு பாயின்டோடு அந்தத் தள்ளுபடி போகாது, ஆனாலும் விலை கொஞ்சம் ஏறும். இரண்டாவது பாயின்ட் வந்தால் தள்ளுபடியே போய்விடும். அப்போதுதான் வாடிக்கையாளர்கள் பதறிக்கொண்டு போன் செய்வார்கள். உங்கள் தவறால் நடந்த விபத்தும் பாயின்டாக எண்ணப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாப் சைன், ஒரு சின்ன இடி, கதை முடிந்தது.

இதை நானே அனுபவித்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் வேகத்துக்காக ஒரு டிக்கெட். ஊரில் போக்குவரத்து போலீஸ்காரரிடம் அபராதம் கட்டி ரசீது வாங்கினால் விஷயம் முடிந்தது, அந்தப் பழக்கம். செக் எழுதி கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த புதுப்பிப்பில் பிரீமியம் ஏறி வந்தது. ஏன் என்று கேட்டதற்கு அந்தக் கம்பெனியில் ஒருவரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. பணம் கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்டால் கோர்ட் அதை டிஎம்விக்கு அனுப்பும், அனுப்பினால் பாயின்ட் விழும் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. டிராஃபிக் ஸ்கூல் என்று ஓட்டுநர்களுக்கான ஒரு வகுப்பு இருப்பதையே அதற்கப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

நீங்கள் இன்னும் பணம் கட்டாத ஸ்டாப் சைன் டிக்கெட்டுக்கு இதுதான் முக்கியம். டிக்கெட் என்பது குற்றச்சாட்டு மட்டும். கையெழுத்துப் போட்டது கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற வாக்குறுதி, ஒப்புதல் இல்லை. தீர்ப்போ, பணம் கட்டி ஒப்புக்கொள்வதோ நடக்கும்வரை அது வயலேஷனாக டிஎம்வி ரெக்கார்டில் ஏறாது. இப்போது உங்களுக்கு மூன்று வழி. ஒன்று, பணத்தைக் கட்டிப் பாயின்டை ஏற்றுக்கொள்வது. ஸ்டாப் சைனுக்கு அடிப்படை அபராதம் 35 டாலர்தான். மாநிலம், கவுன்டி, கோர்ட் என்று ஆளாளுக்குச் சேர்க்கும் கட்டணங்களோடு 230 டாலரைத் தாண்டும். இரண்டு, அதே பணத்தோடு கோர்ட்டுக்கு ஒரு கூடுதல் கட்டணமும் கட்டி டிராஃபிக் ஸ்கூல் கேட்பது. ஆன்லைனிலேயே படித்து முடிக்கலாம். முடித்தால் அந்தத் தண்டனை டிஎம்வியில் ரகசியமாக வைக்கப்படும். பாயின்ட் இல்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனி ரெக்கார்டை எடுத்தாலும் தெரியாது. 18 மாதத்துக்கு ஒருமுறைதான் இந்த வாய்ப்பு. வரம்பை 25 மைலுக்கு மேல் மீறிய வேகத்துக்கு கோர்ட் அலுவலர் தர முடியாது, நீதிபதி மனம் வைத்தால் உண்டு. 2 பாயின்ட் குற்றங்களுக்கும், லாரி போன்ற வணிக வண்டியில் வாங்கிய டிக்கெட்டுக்கும் கிடையாது. மூன்று, வழக்காடுவது. நேரில் போகாமல் எழுத்து மூலமே விசாரணை கேட்கலாம். பணத்தை முன்கூட்டியே கட்டி உங்கள் தரப்பை எழுதி அனுப்பினால், போலீஸ்காரரும் எழுதி அனுப்புவார், நீதிபதி படித்து முடிவு சொல்வார். ஜெயித்தால் பணம் திரும்பும். தோற்றால் 20 நாளுக்குள் நேரடியாகப் புது விசாரணை கேட்கலாம். நீங்களே 'உருட்டிக்கொண்டுதான் போனேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் இரண்டாவது வழிதான்.

போன் டிக்கெட்டுக்கு வருவோம். இங்கே உறுதியும் சந்தேகமும் கலந்து இருக்கின்றன. உறுதியானது: 2021 ஜூலை 1 முதல், இதே குற்றத்துக்கு ஏற்கனவே தண்டனை பெற்ற 36 மாதத்துக்குள் மறுபடி செய்தால்தான் 1 பாயின்ட். உங்களுக்கு அது முதல் தடவை, ஆகவே பாயின்ட் இல்லை. அடுத்த முறை கையில் போனோடு பிடிபட்டால் உண்டு. சந்தேகமானது: பாயின்ட் இல்லாத அந்தத் தண்டனையை இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'மூவிங் வயலேஷன்' என்று எழுத வேண்டுமா? ஓட்டும்போது செய்த குற்றம் என்பதால் பேச்சுவழக்கில் மூவிங்தான். ஆனால் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பதைக் கட்டத்தை அச்சடித்த கம்பெனிதான் சொல்ல வேண்டும். சில படிவங்கள் 'பாயின்ட் வந்த குற்றங்கள்' என்று கேட்கும், சில 'பார்க்கிங் தவிர எல்லாம்' என்று கேட்கும். என் பழக்கம், கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிடச் சொல்வேன். கம்பெனி எப்படியும் டிஎம்வி ரெக்கார்டை எடுத்துப் பார்க்கும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால், விலை ஏறுவதைவிட 'மறைத்தீர்கள்' என்ற பேச்சு வருவதுதான் தொல்லை.

இந்த யூகமெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு நேர்வழி இருக்கிறது. டிஎம்வி இணையதளத்தில் 2 டாலர் கட்டினால் உங்கள் ரெக்கார்டை நீங்களே பார்க்கலாம். டிக்கெட்டில் குற்றத்தின் பெயருக்குப் பக்கத்தில் பிரிவு எண் இருக்கும். ஸ்டாப் சைனுக்கு 22450, போனுக்கு 23123.5, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 4000. எந்தப் பிரிவுக்கு எத்தனை பாயின்ட் என்ற பட்டியலையும் டிஎம்வியே வெளியிட்டிருக்கிறது. போலீஸ்காரர் வாயால் என்ன சொன்னார், அலுவலக நண்பர் என்ன சொன்னார் என்பதைவிட அந்த எண் நம்பகமானது.

கேமரா டிக்கெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் சிவப்பு விளக்குக் கேமரா பிடித்து, 21453ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு வரச்சொல்லும் டிக்கெட் வந்தால், அது போலீஸ்காரர் கையால் கொடுத்ததற்குச் சமம்: ஏறக்குறைய 490 டாலரும் 1 பாயின்டும். ஆனால் 2023இல் வந்த சட்டப்படி சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச், கிளென்டேல் ஆகிய ஆறு நகரங்கள் வைக்க அனுமதி பெற்ற வேகக் கேமரா வேறு ஜாதி. அது வண்டியின் உரிமையாளருக்குப் போகும் சிவில் அபராதம், 50 டாலரில் தொடங்குகிறது, பாயின்ட் இல்லை. இரண்டு உறையைப் பிரித்தாலும் உள்ளே வண்டியின் படம் இருக்கும். கடிதத்தின் தலைப்பைப் படியுங்கள். நியூயார்க் நகரத்தில் வேகக் கேமராவும் சிவப்பு விளக்குக் கேமராவும் இரண்டுமே 50 டாலர், பாயின்ட் இல்லாதவை. டெக்சஸில் சிவப்பு விளக்குக் கேமராவையே 2019இல் தடை செய்துவிட்டார்கள்.

மாநிலம் மாறினால் கணக்கே மாறும் என்பதற்குப் போன் டிக்கெட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. இங்கே இரண்டாவது தடவையில் பாயின்ட். நியூயார்க்கில் முதல் தடவையே உண்டு. நியூ ஜெர்சியில் மூன்றாவது தடவையில்தான். செய்த காரியம் ஒன்றுதான். டெக்சஸில் பாயின்ட் என்ற முறையே இப்போது இல்லை. அதோடு சேர்ந்திருந்த கூடுதல் கட்டணத் திட்டத்தை 2019இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் மூவிங் வயலேஷன் எவை என்று அரசு விதியில் ஒரு பட்டியலே உண்டு. 12 மாதத்தில் நான்கு, அல்லது 24 மாதத்தில் ஏழு என்றால் லைசென்ஸ் முடங்கும். வட கரோலினாவில் லைசென்ஸுக்கு ஒரு பாயின்ட் கணக்கு, இன்ஷூரன்ஸுக்குத் தனியாக இன்னொன்று. நியூ ஜெர்சியில் வக்கீல்கள் பேரம்பேசி வாங்கித் தரும் 'அன்சேஃப் டிரைவிங்' என்ற குற்றம் ஓட்டுதல் குற்றம்தான், முதல் இரண்டு முறை பாயின்ட் கிடையாது. அதற்குப் பதில் 250 டாலர் கூடுதல் கட்டணம். அங்கே பாயின்டை விலைக்கு வாங்கித் தள்ளிவிடுகிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை. வெளிமாநிலத்தில் வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். பெரும்பாலான மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. லாஸ் வேகாஸ் பயணத்தின் டிக்கெட் உங்கள் கலிஃபோர்னியா ரெக்கார்டைத் தேடிக்கொண்டு வரும்.

வர்ஜீனியா என்றால் தனியாக எச்சரிக்க வேண்டும். அங்கே மணிக்கு 85 மைலுக்கு மேல் போனாலோ, வரம்பைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, அது வேக டிக்கெட்டோடு நிற்காது. 'ரெக்லெஸ் டிரைவிங்' என்ற கிரிமினல் குற்றம், முதல் வகுப்பு மிஸ்டிமீனர் (பெருங்குற்றத்துக்கு அடுத்த நிலைக் கிரிமினல் குற்றம்). அதிகபட்சம் 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம். வரம்பு 70 என்று பலகை போட்ட நெடுஞ்சாலையில் 86இல் போனால் போதும். நியூ ஜெர்சியிலிருந்து தெற்கே காரில் போன ஒரு வாடிக்கையாளர், 'டிக்கெட்டைப் பணம் கட்டி முடித்துவிடலாமா' என்று என்னைக் கேட்டார். அவர் கையில் இருந்தது கோர்ட் சம்மன். உடனே உள்ளூர் வக்கீலைப் பிடிக்கச் சொன்னேன்.

அப்புறம் விசா, கிரீன் கார்டு. இந்த டிக்கெட்டுகளால் அவற்றுக்குச் சிக்கல் வருமா என்று உங்கள் செய்தியின் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். குடியேற்றத் துறைக்கு மூவிங், நான்-மூவிங் என்ற பிரிவே இல்லை. அவர்கள் கேள்வி வேறு. கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் கைது, குற்றச்சாட்டு இவற்றோடு 'சைட்டேஷன்' வாங்கியதையும் சேர்த்துக் கேட்கிறது. சாதாரண டிக்கெட்டும் ஒரு சைட்டேஷன்தான். குடியுரிமைக்கான என்-400 படிவத்தின் வழிகாட்டலில், கைது இல்லாமல், 500 டாலருக்குக் குறைவான அபராதமோ பாயின்டோ மட்டும் விதிக்கப்பட்ட போக்குவரத்துக் குற்றங்களுக்கு ஆவணம் இணைக்க வேண்டியதில்லை, மது அல்லது போதைப்பொருள் சம்பந்தப்படாதவரை, என்று இருக்கிறது. ஆவணம் வேண்டாம் என்பதும் சொல்ல வேண்டாம் என்பதும் வேறு வேறு. குடித்து ஓட்டியதாகக் கைதானால் தண்டனைக்குக் காத்திருக்காமலேயே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015 முதல் இருக்கிறது. இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். மூன்று டிக்கெட்டின் நகலையும் உங்கள் வக்கீலுக்கு அனுப்பி, எதை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேளுங்கள். ஸ்டிக்கர் டிக்கெட் தள்ளுபடியானாலும் அதன் காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஆக, இன்று அந்த இன்ஷூரன்ஸ் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றால்: ஸ்டிக்கருக்கு எதுவும் இல்லை, ஸ்டாப் சைன் இன்னும் தீர்ப்பாகாததால் வயலேஷன் கணக்கில் இல்லை, 'நிலுவையில் உள்ள டிக்கெட்' என்று தனியாகக் கேட்டால் சொல்ல வேண்டும், போன் டிக்கெட்டை ஒன்று என்று சொல்லி, 'முதல் தடவை, பாயின்ட் இல்லை' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டிராஃபிக் ஸ்கூலுக்கான விண்ணப்பத்தை, டிக்கெட்டின் அடியில் எழுதியிருக்கும் தேதிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். கோர்ட்டிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். முகவரி மாறியிருந்தால் அது பழைய வீட்டுக்குத்தான் போகும். சான்டா கிளாரா கவுன்டி சுப்பீரியர் கோர்ட் இணையதளத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்று காட்டினால் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.